ஹன்டிங்டன் ஏர்ல் டேவிட்டின் கொடிவழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்து அரச குடும்பத்தின் கொடிவழியை வரைய உட்காருபவர்கள் மன்னர்களின் வரிசையை எளிதாக முடித்துவிடுவார்கள். சிக்கல் தொடங்குவது முடிசூடாத ஓர் இளவரசரிடம். 1219-இல் இறந்த ஹன்டிங்டன் ஏர்ல் (உயர் பிரபுப் பட்டம்) டேவிட்டின் மூன்று மகள்கள் வழியாகத்தான் ஜான் பேலியல், ராபர்ட் புரூஸ், ஸ்டூவர்ட் மன்னர்கள் எல்லோரும் வருகிறார்கள். இந்த ஒரு கிளையைச் சரியாக வரைந்துவிட்டால் 13, 14-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் பாதிச் சண்டைகளுக்குக் காரணம் புரிந்துவிடும். ஒரு மகளை இடம் மாற்றி எழுதினால் எதுவுமே பொருந்தாது.

டேவிட் என்ற பெயரில் பலர் இருக்கிறார்களே, இவர் யார்?

முதலாம் டேவிட் மன்னரின் பேரன். மன்னர்கள் நான்காம் மால்கம், முதலாம் வில்லியம் ஆகியோரின் கடைசித் தம்பி. தாத்தாவும் பேரனும் ஒரே பெயர் கொண்டவர்கள், இருவருமே ஹன்டிங்டன் ஏர்ல் பட்டம் வகித்தவர்கள். இணையத்தில் உள்ள பல கொடிவழிகள் இருவரையும் ஒன்றாகக் குழப்பி, தாத்தாவின் மனைவியைப் பேரனுக்குக் கட்டிவைத்திருக்கின்றன. இரண்டு பெண்களுக்கும் மாட்டில்டா என்று பெயர் இருப்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. தாத்தாவின் மனைவி ஏர்ல் வால்தியாஃபின் மகள் மாட்டில்டா. பேரனின் மனைவி செஸ்டர் ஏர்ல் ஹியூவின் மகள் மாட்டில்டா.

சாசனங்களில் நம்மவர் பெரும்பாலும் 'ஸ்காட்லாந்து மன்னரின் சகோதரர் ஏர்ல் டேவிட்' என்று குறிக்கப்படுகிறார். இந்தத் தொடரைக் கண்டால் பேரன்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் யார் யார்?

தந்தை இளவரசர் ஹென்றி. நார்தம்பிரியாவுக்கும் ஹன்டிங்டனுக்கும் ஏர்லாக இருந்தவர். பட்டத்துக்கு வரவேண்டியவர் 1152 ஜூன் 12 அன்று தன் தந்தைக்கு முன்பே இறந்துபோனார். தாய் ஏடா டி வாரென், சரே ஏர்ல் வில்லியமின் மகள், 1178-இல் இறந்தவர். மகன் போய் ஓராண்டு ஆவதற்குள், 1153 மே 24 அன்று முதியவர் முதலாம் டேவிட்டும் கார்லைல் நகரில் காலமானார். அரியணை நேராகப் பேரன் மால்கமுக்குப் போயிற்று. அப்போது மால்கமுக்கு வயது 12.

மால்கம் மணமாகாமலே 1165 டிசம்பர் 9 அன்று இறந்தார். அடுத்து வந்த வில்லியம் 1214 வரை 49 ஆண்டுகள் ஆண்டார். சகோதரிகளில் இருவரைக் கட்டாயம் மரத்தில் சேர்க்க வேண்டும். ஏடா 1162-இல் ஹாலந்துக் கோமகன் மூன்றாம் ஃப்ளோரிஸை மணந்தார். மார்கரெட் முதலில் பிரிட்டனி கோமகன் நான்காம் கோனனையும், அவர் இறந்தபின் ஹம்ஃப்ரி டி போஹனையும் மணந்தார். இன்னொரு சகோதரி மாட்டில்டா சிறு வயதிலேயே இறந்துவிட்டார்.

வில்லியமுக்கு 1198 ஆகஸ்ட் 24 அன்று மகன் அலெக்சாண்டர் பிறக்கும்வரை, அதாவது 1165 முதல் 33 ஆண்டுகள், அரியணைக்கு அடுத்த ஆண்வாரிசாக இருந்தவர் டேவிட்தான். போரில் பிடிபட்ட வில்லியமை விடுவிக்க ஃபலேஸ் உடன்படிக்கை ஏற்பட்ட 1174-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி இவரைப் பிணையாகக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் அதுதான். அதற்கு முன் மால்கம் காலத்தில், 1163-இலும் இவர் பிணையாகப் போயிருக்கிறார்.

பிறந்த ஆண்டு 1144 என்று ஓரிடத்திலும் 1152 என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. எதை எழுதுவது?

'சுமார் 1152' என்று எழுதுங்கள். பெற்றோர் 1139-இல் மணந்தவர்கள் என்பதால் 1144-ஐ அடியோடு தள்ள முடியாது. ஆனால் ஒரு சான்று இருக்கிறது. 1170-இல் விண்ட்சரில் இரண்டாம் ஹென்றி இவருக்கு வீரர் பட்டம் சூட்டினார். அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சடங்கு பொதுவாக வாலிபம் தொடங்கும்போதே நடந்துவிடும். 18 வயது என்றால் இயல்பாகப் பொருந்துகிறது. 26 வயதுவரை மன்னரின் தம்பியைக் காக்க வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை. தந்தை 1152 ஜூனில் இறந்ததால் மேல்வரம்பும் கிடைக்கிறது: 1153-இன் முதல் சில மாதங்களைத் தாண்டி இவர் பிறந்திருக்க முடியாது.

இறந்த நாளில் குழப்பமில்லை. 1219 ஜூன் 17, நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள யார்ட்லி. அடக்கம் செய்யப்பட்டது ஹன்டிங்டன்ஷயரின் சாட்ரி மடத்தில்.

முன்னோர்களை எண் முறைப்படி எப்படி வரிசைப்படுத்துவது?

எந்த ஆளின் எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை, அதோடு ஒன்று கூட்டினால் தாய். டேவிட்டை 1 என்று வைத்தால் இப்படி வரும்:

2 இளவரசர் ஹென்றி, 3 ஏடா டி வாரென்.
4 முதலாம் டேவிட் மன்னர், 5 ஹன்டிங்டன் மாட்டில்டா, 6 சரேயின் இரண்டாம் ஏர்ல் வில்லியம் டி வாரென், 7 வெர்மாண்டுவா எலிசபெத்.
8 மூன்றாம் மால்கம் மன்னர், 9 புனித மார்கரெட், 10 ஏர்ல் வால்தியாஃப், 11 லென்ஸ் ஜூடித், 12 சரேயின் முதல் ஏர்ல் வில்லியம், 13 குண்ட்ராடா, 14 வெர்மாண்டுவா ஹியூ, 15 வெர்மாண்டுவா அடிலெய்ட்.

இந்த 15 பேருக்குள் அன்றைய மேற்கு ஐரோப்பாவே அடங்கியிருக்கிறது. 9-ஆம் எண் மார்கரெட், பழைய ஆங்கில அரச குலத்தின் எட்மண்ட் அயர்ன்சைடின் பேத்தி. 11-ஆம் எண் ஜூடித், இங்கிலாந்தை வென்ற வில்லியமின் சகோதரி மகள். அவருடைய கணவர் வால்தியாஃப் 1076-இல் அதே வில்லியமால் தலை வெட்டப்பட்டவர். 14-ஆம் எண் ஹியூ, பிரெஞ்சு மன்னர் முதலாம் ஹென்றிக்கும் கீவ் இளவரசி அன்னாவுக்கும் பிறந்தவர். 15-ஆம் எண் அடிலெய்ட் வழியாக சார்லமேனின் கரோலிங்கிய வம்சம் வந்து சேர்கிறது.

மூன்று இடங்களில் நின்று கவனியுங்கள். 13-ஆம் எண் குண்ட்ராடாவை வெற்றி வேந்தர் வில்லியமின் மகள் என்று பழைய புத்தகங்கள் எழுதின. அது தவறு, அவர் ஃபிளாண்டர்ஸைச் சேர்ந்த கெர்போடின் சகோதரி. 17-ஆம் எண், அதாவது மூன்றாம் மால்கமின் தாய் யார் என்பதில் சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. 19-ஆம் எண் அகதா, மார்கரெட்டின் தாய். அவருடைய பெற்றோர் யார் என்ற விவாதம் ஜெர்மனி, ஹங்கேரி, கீவ் என்று நீண்டுகொண்டே போகிறது, முடிவில்லை. 17-க்கும் 19-க்கும் மேலே கோட்டைப் புள்ளிக்கோடாக இழுங்கள். அழுத்தமான கோடு போட்டால், அடுத்து உங்கள் மரத்தை நகலெடுப்பவர் அதை உறுதியான செய்தி என்றே எடுத்துக்கொள்வார்.

ஹன்டிங்டன் இங்கிலாந்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்து இளவரசர் அங்கே எப்படி ஏர்ல் ஆனார்?

பெண்வழிச் சொத்தாக வந்தது. வால்தியாஃபின் மகள் மாட்டில்டா முதலில் சைமன் டி சென்லிஸை மணந்தார். அவர் இறந்தபின், சுமார் 1113-இல், அப்போது இளவரசராக இருந்த முதலாம் டேவிட்டை மணந்தார். இரண்டு கணவர்களுக்கும் வாரிசுகள் பிறந்தார்கள். அதனால் ஏறக்குறைய 70 ஆண்டுகள் இந்தப் பட்டம் ஸ்காட்லாந்து அரச குடும்பத்துக்கும் சென்லிஸ் குடும்பத்துக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருந்தது. 1174-இல் வில்லியம் மன்னர் போரில் பிடிபட்டபோது பட்டம் சென்லிஸ் பக்கம் போயிற்று. கடைசி சைமன் 1184-இல் பிள்ளையில்லாமல் இறக்க, 1185-இல் வில்லியமுக்குத் திரும்பியது. அவர் அதைத் தம்பி டேவிட்டுக்குக் கொடுத்தார்.

கொடிவழியில் 'சைமன், ஹன்டிங்டன் ஏர்ல்' என்று யாரையாவது கண்டால் அவரை டேவிட்டின் தந்தைவழியில் ஒட்டிவிடாதீர்கள். பட்ட வரிசை வேறு, இரத்த வரிசை வேறு. இந்த ஒரு பட்டத்தில் இரண்டும் பலமுறை விலகிப்போகின்றன.

ஸ்காட்லாந்திலும் டேவிட்டுக்குப் பெரிய நிலப்பரப்புகள் இருந்தன. வடகிழக்கில் இன்வெருரியைத் தலைமையிடமாகக் கொண்ட கேரியோக் பகுதி (உள்ளூரில் 'கீரி' என்றுதான் சொல்வார்கள்), டண்டி நகர், ஃபைஃபில் அவர் சுமார் 1191-இல் நிறுவிய லிண்டோர்ஸ் மடம். இந்த மடத்தின் சாசனங்களே அவர் குடும்பத்தைப் பற்றிய நல்ல சான்றுகளில் சேர்த்தி. கொடையின் பலன் யார் யாருக்குச் சேரவேண்டும் என்று சொல்லும் வரிகளிலும், சாட்சிகளின் பட்டியலிலும் உறவினர் பெயர்கள் கிடைக்கும்.

இரண்டாம் ஹென்றிக்கு எதிரான 1173–74 கலகத்தில் டேவிட் லெஸ்டர் நகரத்துக்குப் போய்ப் படை நடத்தியது ஏன்?

அரசியல் ஒருபுறம் இருக்க, உறவும் இருந்தது. 7-ஆம் எண் எலிசபெத் முதலில் மூலான் கோமகன் ராபர்ட் டி போமாண்ட்டை மணந்தவர். அந்தத் திருமணத்தில் பிறந்த ராபர்ட் லெஸ்டரின் இரண்டாம் ஏர்ல் ஆனார். அவர் டேவிட்டின் தாய்க்கு, தாய் ஒன்று தந்தை வேறான அண்ணன். எனவே 1173-இல் கலகம் செய்து பிடிபட்ட மூன்றாம் ஏர்ல் ராபர்ட், டேவிட்டுக்குத் தாய்மாமன் மகன். மறுமணங்களை மரத்தில் காட்டாமல் விட்டால் இதுபோன்ற தொடர்புகள் கண்ணில் படாமலே போய்விடும். ஒவ்வொரு திருமணத்துக்கும் தனிக் கோடு போடுங்கள்.

மனைவி மக்கள் விவரம் வேண்டும்.

1190 ஆகஸ்ட் 26 அன்று செஸ்டர் மாட்டில்டாவை மணந்தார். முறையான பிள்ளைகள்:

ராபர்ட், ஹென்றி என்ற இரு மகன்கள் சிறு வயதில் இறந்தனர்.

ஜான், சுமார் 1207-இல் பிறந்தவர். 1219-இல் ஹன்டிங்டன் ஏர்ல் ஆனார். தாய்மாமன் ரானல்ஃப் 1232-இல் பிள்ளையில்லாமல் இறந்ததும் செஸ்டர் ஏர்ல் பட்டமும் கிடைத்தது. வேல்ஸின் லூவெலின் மன்னர் மகள் ஹெலனை மணந்தார். 1237 ஜூனில் வாரிசின்றி இறந்தார்.

மார்கரெட், மூத்த மகள். 1209-இல் டண்டியில் கேலோவே பிரபு அலனை மணந்தார்.

இசபெல்லா, இரண்டாம் மகள். அன்னன்டேல் பிரபு ராபர்ட் புரூஸை மணந்தார்.

ஏடா, மூன்றாம் மகள். ஹென்றி டி ஹேஸ்டிங்ஸை மணந்தார்.

மாட்டில்டா என்ற இன்னொரு மகள் மணமாகாமல் இறந்தார்.

திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களும் உண்டு: பிரீக்கின் ஹென்றி, ஸ்டெர்லிங் ஹென்றி, ஸ்ட்ரதர்ன் குடும்பத்தில் மணமான ஏடா. ஆக, ஹென்றி என்று மூன்று மகன்கள், ஏடா என்று இரண்டு மகள்கள்! பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நிச்சயம் தடுமாறுவீர்கள். இடப்பெயரைச் சேர்த்தே பதியுங்கள். பிரீக்கின் பிரபுக்கள் இந்த ஹென்றியின் வழியில் வருபவர்கள். இரத்தத்தில் அரச வழி என்றாலும் சட்டப்படி அரியணை உரிமை இல்லாத கிளை அது.

1237-இல் ஜான் இறந்தபோது சொத்து என்ன ஆயிற்று?

மகன் வழி அத்தோடு முடிந்தது. அன்றைய ஆங்கில நிலச்சட்டப்படி, ஆண்வாரிசு இல்லாவிட்டால் மூத்த மகள் முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. சகோதரிகள் சமபங்கு பெறுவார்கள். இறந்துபோன சகோதரியின் பங்கு அவர் பிள்ளைகளுக்குச் சேரும். அதன்படி ஹன்டிங்டன் நிலங்கள் மூன்றாகப் பிரிந்தன. மார்கரெட் ஏற்கெனவே இறந்துவிட்டதால் அவருடைய பங்கு மகள்கள் கிறிஸ்டியானாவுக்கும் டெர்வோர்கில்லாவுக்கும் போயிற்று.

இந்தப் பங்கீட்டின் தடம் இன்றும் ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. டேவிட் இறந்த யார்ட்லி, ஹேஸ்டிங்ஸ் பங்கில் சேர்ந்து யார்ட்லி ஹேஸ்டிங்ஸ் ஆயிற்று. லண்டனின் டாட்டன்ஹாம் பண்ணை மூன்றாகப் பிரிந்ததில் புரூஸ் பங்கின் நினைவுதான் அங்குள்ள 'புரூஸ் காசில்' என்ற பெயர்.

செஸ்டரை மட்டும் பிரிக்க விடவில்லை. எல்லைப்புறத்தில் தனி அதிகாரங்கள் கொண்ட அந்தப் பகுதியை மூன்றாம் ஹென்றி மன்னர் அரசுடைமையாக்கி, பங்குதாரர்களுக்கு வேறு நிலங்களை ஈடாகக் கொடுத்தார். எசெக்ஸில் உள்ள ரிட்டில் புரூஸ் குடும்பத்துக்கு வந்தது அப்படித்தான். சாதாரண நிலத்தைப் பிரிக்கலாம், அரச அதிகாரம் போன்ற ஒன்றைப் பிரிக்கலாமா என்ற கேள்வி முதலில் எழுந்தது இங்கே. 55 ஆண்டுகள் கழித்து ஒரு நாட்டுக்கே அதே கேள்வி வந்தது.

1291–92 அரியணை வழக்கு ஏன் டேவிட்டின் மகள்களிடம் வந்து நின்றது?

முதலில் அண்ணன் வில்லியமின் வழி முற்றிலும் அற்றுப்போனது. அவர் மகன் இரண்டாம் அலெக்சாண்டர், பேரன் மூன்றாம் அலெக்சாண்டர். இந்தப் பேரனின் மூன்று பிள்ளைகளும் 1281-க்கும் 1284-க்கும் இடையில் இறந்தனர். அவரே 1286 மார்ச் 19 அன்று கிங்ஹார்ன் அருகே இரவில் குதிரையிலிருந்து விழுந்து மாண்டார். எஞ்சியிருந்த ஒரே பேத்தி, நார்வே இளவரசி மார்கரெட், 1290 செப்டம்பரில் ஆர்க்னித் தீவுகளில் இறந்தாள். வில்லியமின் முறையான மகள்கள் மூவருக்கும் அப்போது வாரிசு யாரும் மிச்சமில்லை. ஒரு கிளை பட்டால் அடுத்த கிளைக்குப் போகவேண்டும். அடுத்த கிளை டேவிட்.

பதின்மூன்று பேர் உரிமை கோரினார்கள். இவர்களில் உண்மையான போட்டியாளர்கள் டேவிட்டின் மூன்று மகள்களின் வாரிசுகள்:

மார்கரெட், அவர் மகள் டெர்வோர்கில்லா, அவர் மகன் ஜான் பேலியல். டேவிட்டுக்குக் கொள்ளுப்பேரன்.

இசபெல்லா, அவர் மகன் ராபர்ட் புரூஸ். டேவிட்டுக்குப் பேரன். அப்போது எழுபதைத் தாண்டிய முதியவர்.

ஏடா, அவர் மகன் ஹென்றி, அவர் மகன் ஜான் ஹேஸ்டிங்ஸ். இவரும் கொள்ளுப்பேரன்.

மகள்களின் மூப்பு வரிசையை எந்தத் தரப்பும் மறுக்கவில்லை. வாதமே வேறு. புரூஸ் சொன்னது: நான் ஒரு தலைமுறை நெருக்கமானவன், பேரன் இருக்கக் கொள்ளுப்பேரனுக்கு எப்படிப் போகும்? பேலியல் சொன்னது: மூத்தவளின் வழி முற்றாக அழிந்தால்தான் இளையவளின் வழிக்கு இடம். ஹேஸ்டிங்ஸ் சொன்னது: மற்ற சொத்துப்போல நாட்டையும் மூன்றாகப் பிரியுங்கள்.

பெர்விக்கில் கூடிய மன்றத்தில் 104 பேர். பேலியல் தரப்பில் 40, புரூஸ் தரப்பில் 40, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் ஆட்கள் 24. மூப்பே வென்றது. நெருக்க வாதம் தோற்றதும் புரூஸ் தரப்பு திரும்பி, 'அப்படியானால் மூன்றில் ஒரு பங்காவது கொடுங்கள்' என்று ஹேஸ்டிங்ஸின் வாதத்தைக் கையில் எடுத்தது. ராச்சியம் பிரிக்கக்கூடாதது என்று சொல்லி அதையும் தள்ளினார்கள். 1292 நவம்பர் 17 அன்று தீர்ப்பு, நவம்பர் 30 அன்று ஸ்கோனில் பேலியல் அரியணை ஏறினார்.

நாள் கணக்கு ஒன்றையும் பாருங்கள். டெர்வோர்கில்லா இறந்தது 1290 ஜனவரி 28. சிறுமி மார்கரெட் இறந்தது அதே ஆண்டு செப்டம்பர். டெர்வோர்கில்லா இன்னும் எட்டு மாதம் இருந்திருந்தால் அவரே, மூத்த மகளின் மகளாக, புரூஸுக்குச் சமமான தலைமுறையில் நின்று உரிமை கோரியிருப்பார். புரூஸின் நெருக்க வாதத்துக்கு அடிப்படையே இருந்திருக்காது. கொடிவழியில் இறந்த நாளைத் துல்லியமாகப் பதியச் சொல்வது இதற்காகத்தான்.

ஹாலந்துக் கோமகன் ஃப்ளோரிஸும் உரிமை கோரினாராமே?

ஆம். டேவிட்டின் சகோதரி ஏடாவின் வழியில் வந்த ஐந்தாம் ஃப்ளோரிஸ். சகோதரன் வழி இருக்கும்போது சகோதரி வழிக்கு இடமில்லை. அதைத் தாண்ட அவர் ஒரு கதையைக் கொண்டுவந்தார்: கேரியோக் நிலத்தை வாங்கிக்கொண்டு, டேவிட் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் உரிய அரியணை உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று. அந்தப் பத்திரத்தைத் தேட அவகாசம் கேட்டதால் வழக்கு 1291 ஆகஸ்டிலிருந்து அடுத்த ஆண்டு ஜூன் வரை தள்ளிப்போனது. மூலப் பத்திரம் மன்றத்துக்கு வரவே இல்லை. மோரே ஆயரும் பிளஸ்கார்டன் மடத் தலைவரும் சான்றளித்ததாகச் சொல்லும் நகல் ஒன்று பிற்காலத்தில் வெளிப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் பலரும் அதைப் போலி என்றே கருதுகிறார்கள். அதை நம்பி மரத்தில் 'உரிமை துறந்தார்' என்று குறிப்பு எழுதாதீர்கள்.

எல்லோரும் ராபர்ட் புரூஸ். எப்படிப் பிரித்தறிவது?

அன்னன்டேல் பிரபுக்களுக்கு 4-ஆம், 5-ஆம் என்று எண் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் எண்ணுக்குப் பதிலாக இறந்த ஆண்டையும் மனைவி பெயரையும் வைத்து அடையாளம் காண்பதே பாதுகாப்பு:

இசபெல்லாவின் கணவர், 1226-க்கும் 1233-க்கும் இடையில் இறந்தவர். அவர் மகன், 1292 வழக்காளி, மனைவி இசபெல் டி கிளேர், இறந்தது 1295. அவர் மகன், மனைவி கேரிக் கோமகள் மார்ஜரி, இறந்தது 1304. அவர் மகன், 1306 மார்ச் 25 அன்று முடிசூடி 1329 ஜூன் 7 அன்று இறந்த மன்னர் முதலாம் ராபர்ட்.

மன்னர் ராபர்ட் ஏர்ல் டேவிட்டுக்கு எள்ளுப்பேரன். டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில் அவர் கையால் குத்துப்பட்டு விழுந்த அவருடைய அரசியல் எதிரி ஜான் கோமினும் டேவிட்டின் வழியே: அவர் தாய் டெர்வோர்கில்லாவின் மகள். கொன்றவர் இரண்டாம் மகளின் வழி, கொல்லப்பட்டவர் மூத்த மகளின் வழி. இந்தக் கோட்டை வரைந்து பார்க்காமல் அந்தக் கொலையின் அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது.

இந்தக் கிளையில் அதிகம் நடக்கும் தவறு எது?

கேலோவே அலனின் மகள் ஹெலன். ரோஜர் டி குவின்சியை மணந்த இவரை மார்கரெட்டின் மகளாக எழுதி, அதன் வழியே ஆயிரக்கணக்கானோர் டேவிட்டின் சந்ததி என்று தங்களைப் பதிந்திருக்கிறார்கள். ஹெலன் அலனுடைய முதல் தாரத்து மகள். மார்கரெட் இரண்டாம் தாரம்.

தவறு ஏன் வருகிறது என்றால், 1234-இல் அலன் இறந்தபோது கேலோவே நிலம் மூன்று மகள்களுக்கும் பிரிந்தது. மூவரையும் ஒரே ஆவணத்தில் பார்ப்பவர் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று எண்ணிவிடுகிறார். சரிபார்க்க எளிய வழி 1237 பங்கீடு. டேவிட்டின் மகன் ஜானுடைய சொத்தில் கிறிஸ்டியானாவுக்கும் டெர்வோர்கில்லாவுக்கும் பங்கு வந்தது, ஹெலனுக்கு வரவில்லை. தாய்வழிச் சொத்தில் பங்கு உண்டா என்று பார்ப்பதுதான் தாய் யார் என்று கண்டறிய இந்தக் காலத்தில் கிடைக்கும் வலுவான சோதனை. மற்ற குடும்பங்களுக்கும் இதையே செய்யுங்கள்.

ராபின் ஹூட் இந்தக் குடும்பத்தவரா? டேவிட் சிலுவைப் போருக்குப் போனாரா?

இரண்டுமே இல்லை. ராபின் ஹூட்டுக்கு ஹன்டிங்டன் ஏர்ல் பட்டத்தைக் கொடுத்தது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மேடை நாடகங்கள். பழைய பாடல்களில் அவர் நிலவுடைமைக் குடியானவர் மட்டுமே. ராபர்ட் என்ற மகன் டேவிட்டுக்கு இருந்தார் என்பதைப் பிடித்துக்கொண்டு கதை கட்டுகிறார்கள், அந்தப் பிள்ளை சிறு வயதிலேயே இறந்துவிட்டது. சிலுவைப் போர்ச் செய்தியும் பிற்காலப் புனைவு. இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னர் சிலுவைப் போருக்காகக் கிழக்கே புறப்பட்ட 1190 கோடையில் டேவிட் இங்கே திருமணம் செய்துகொண்டிருந்தார்.

ஆவணங்களில் உள்ள தேதிகளை எப்படி மாற்றுவது?

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அன்று ஆண்டு தொடங்கியது மார்ச் 25. ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளுக்கு ஒரு ஆண்டு கூட்ட வேண்டும். மூன்றாம் அலெக்சாண்டர் இறந்த மார்ச் 19 அன்றைய கணக்கில் 1285, நம் கணக்கில் 1286. கோமின் கொலையான பிப்ரவரி 10 அன்றைய கணக்கில் 1305, நமக்கு 1306. ஒரே நிகழ்வுக்கு இரண்டு ஆண்டுகளைக் கண்டால் இரண்டு பேர் என்று பிரித்துவிடாதீர்கள்.

ஆட்சியாண்டுக் கணக்கும் வரும். முதலாம் எட்வர்டின் ஆட்சியாண்டு நவம்பர் 20-இல் தொடங்குகிறது. 1292 நவம்பர் 17-இன் தீர்ப்பு அவருடைய 20-ஆம் ஆண்டில், நவம்பர் 30-இன் அரியணையேற்றம் 21-ஆம் ஆண்டில். இரண்டுக்கும் நடுவே 13 நாட்கள்தான்.

நிலவுடைமையாளர் இறந்ததும் நடக்கும் விசாரணைப் பதிவுகளில் வாரிசின் வயது '30-உம் அதற்கு மேலும்' என்று இருக்கும். அது கீழ்வரம்பு, பிறந்த ஆண்டு அல்ல. வாரிசு மேஜரா, மைனரா என்பதே அந்த அதிகாரிகளுக்கு முக்கியம். மைனர் என்றால் மட்டும் வயதைக் கவனமாக எழுதினார்கள், காவலுரிமைப் பணம் அதைப் பொறுத்தது என்பதால்.

என் குடும்ப மரத்தை டேவிட்டோடு இணைக்க முடியுமா? மரபணுச் சோதனை உதவுமா?

இன்றைய பிரித்தானிய அரச குடும்பம் இணைகிறது: இசபெல்லா, புரூஸ்கள், மன்னர் ராபர்ட்டின் மகள் மார்ஜரி, 1371-இல் அரியணையேறிய அவர் மகன் இரண்டாம் ராபர்ட், ஸ்டூவர்ட்கள், ஆறாம் ஜேம்ஸ் என்று மூன்றாம் சார்லஸ் வரை. மற்றவர்கள் தங்களிடமிருந்து பின்னோக்கி வரவேண்டும், டேவிட்டிடமிருந்து முன்னோக்கி அல்ல. இங்கிலாந்தில் அரசுப் பதிவு 1837 ஜூலை முதல், ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி முதல். அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள், இங்கிலாந்தில் மிகப் பழையவை 1538-இலிருந்து. அதற்கும் முன்னால் நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கே தொடர்ச்சியான ஆவணம் உண்டு. ஆகவே 1500-களில் ஒரு நிலக்கிழார் குடும்பத்தைத் தொட்டாக வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பி அந்தத் தாவலைச் செய்வதுதான் பெரும்பாலான மரங்கள் உடையும் இடம். ஒவ்வொரு பெற்றோர்–பிள்ளை இணைப்புக்கும் தனித்தனிச் சான்று எழுதிவையுங்கள். 25 இணைப்புகளில் ஒன்று பொய்த்தாலும் அதற்கு மேலுள்ள அத்தனையும் வேறு குடும்பத்தின் கதை.

ஸ்காட்லாந்துப் பக்கத்துக்கு 'பீப்பிள் ஆஃப் மெடீவல் ஸ்காட்லாந்து' என்ற இலவசத் தரவுத்தளம் கைகொடுக்கும். சாசனங்களில் வரும் ஆட்களை ஒவ்வொருவராகப் பிரித்து, எந்த ஆவணத்தில் எந்த உறவு சொல்லப்பட்டிருக்கிறது என்று காட்டுகிறது. 1291–92 வழக்கின் பெருஞ்சுருளில் உரிமை கோரியவர்களின் கொடிவழிகள் உண்டு. தொகுத்தவர் எட்வர்ட் தரப்பின் பத்திர எழுத்தர் ஜான் ஆஃப் கான் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

மரபணுச் சோதனை இதற்கு உதவாது. 27 தலைமுறைக்கு முன் கணக்குப்படி ஒருவருக்கு 13,42,17,728 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோரிடமிருந்து ஒரு துண்டு மரபணுகூட உங்களுக்கு வந்திருக்காது. ஆண்வழி மரபணுவும் இங்கே பயன்படாது. டேவிட்டின் முறையான ஆண்வழி 1237-இல் ஜானோடு நின்றுவிட்டது, பிறகு எல்லாமே மகள்களின் வழி. சோதனைக்குச் செலவிடும் பணத்தை ஒரு பழைய உயிலின் நகலுக்கோ நிலப்பத்திரத்தின் நகலுக்கோ கொடுங்கள், ஓர் இணைப்பாவது உறுதிப்படும்.